நாற்பத்திரண்டு கமராக்களின் சொந்தக்காரர்

காங்கேசன்துறைப் பக்கம் வீடு கட்டியிருந்த அந்த மனிதரிடம் நாற்பத்திரண்டு பழைய கமராக்கள் இருந்தன. ஒன்றிலாவது பிலிம் போட அவருக்குத் தெரியாது. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர், கிணற்றடி வரைக்கும் மாபிள் பதித்து, முன் அறையில் கண்ணாடி அலுமாரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். அவற்றுக்குள் கமராக்கள் பிணவறையில் கிடப்பதுபோலக் கிடந்தன.

நான் பௌதிகம் படிப்பிக்கிறவன். சனி, ஞாயிறுகளில் அரியாலையில் என் வீட்டு அறையொன்றில் பழைய கமராக்களைத் திருத்துவேன். அவருடைய கமராக்களைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான். ஆகவே அவர்மீது எனக்குள்ள இளக்காரத்தில் ஒரு பங்கு எனக்கும் உரியது.

ஒருமுறை பெரிய மரக் கமரா ஒன்றை அனுப்பினார். ஸ்ரூடியோக்களில் முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பார்களே, அந்த வகை. முன்னும் பின்னும் இழுக்கிற தோல் துருத்தியைக் கரப்பான் அரித்திருந்தது. வில்லைக்குள் பூஞ்சணம். உருவம் விழும் பின்கண்ணாடி உடைந்திருந்தது. நாலு மாதம் அதோடு மாரடித்தேன். செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய கறுப்புத் தோல் வாங்கிப் புதுத் துருத்தி மடித்தேன். அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் ரோச் லைற்றை வைத்து, வெளிச்சம் கசிந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்தேன். சாதாரண யன்னல் கண்ணாடியை, வாகனம் திருத்துகிற கராச்சில் வால்வு தேய்க்கிற பசை பூசித் தேய்த்துத் தேய்த்துப் பின்கண்ணாடி ஆக்கினேன். வேலை முடிந்து காட்டியபோது அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாஸ்ரர், பித்தளையை இன்னும் கொஞ்சம் மினுங்கப் பண்ணேலாதோ?"

பிறகு ஒரு ஞாயிறு காலை தன் வீட்டிலேயே கண்காட்சி வைத்தார். முப்பது பேர் வரை வந்தோம். வடையும் தேநீரும் வந்தன. மரக் கமரா இருந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் தொண்டையைச் செருமினார்.

"இது எங்கடை அப்பப்பா சிங்கப்பூரிலையிருந்து கப்பலிலை கொண்டுவந்தது. இந்தத் துறைமுகத்திலைதான் இறக்கினவர்."

கொழும்பில் பழைய சாமான் கடை வாசலில் நின்று, இதே கமராவின் படத்தை எனக்கு அனுப்பி, "வாங்கலாமோ மாஸ்ரர்?" என்று கேட்டவர் அவர். நான் என்ன செய்தேன்? இரண்டாவது வடையை எடுத்தேன்.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் மெதுவாகக் கதைத்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பண்டத்தரிப்பிலிருந்து உறவுக்காரரோடு வந்திருந்தார்.

"தம்பி, இதைத் திருத்தினது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"உள்பலகையிலை பென்சில் எழுத்துக் கிடந்ததோ? நெஞ்சளவு, முழு உருவம் எண்டு ரண்டு கோடு?"

கிடந்தது. எவ்வளவு தூரத்துக்குத் துருத்தியை இழுக்க வேண்டும் என்று யாரோ போட்டுவைத்த அடையாளங்கள். அந்த அழுக்கைத் தேய்த்துவிடச் சொல்லியிருந்தார் சொந்தக்காரர். தேய்ப்பதென்றால் துருத்தி ஓடுகிற தண்டவாளத்தைக் கழற்ற வேண்டும் என்ற பஞ்சியில், வெறும் சோம்பலில், விட்டிருந்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை.

"அது என்ரை எழுத்து. அப்பான்ரை ஸ்ரூடியோவிலை நான்தான் படம் எடுக்கிறனான். இடம்பெயரேக்கை விட்டிட்டுப் போனம். திரும்பி வரேக்கை ஒண்டும் இல்லை."

வடையைத் தட்டில் வைத்தேன். நான் அலுமாரியடிக்குப் போய், "அண்ணை, இதைத் திறவுங்கோ. இந்த அக்கா ஒருக்காப் பாக்கட்டும்" என்றேன்.

"தொட்டால் பித்தளை கறுத்திடும் மாஸ்ரர்."

பூட்டு இல்லை. நானே கண்ணாடியைத் தள்ளிக் கமராவை வெளியே எடுத்து, பக்கத்தில் அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்த முக்காலியில் பொருத்தி, கறுப்புத் துணியையும் போர்த்தினேன். அவருக்கு முகம் சிவந்தது, ஆனால் சபைக்கு நடுவில் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அந்தப் பெண் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஒரு கையால் குமிழைத் தேடினார். தேடினார் என்பதும் பிழை, கை தானாகப் போனது. பென்சில் கோட்டில் துருத்தியை நிறுத்தி, உள்ளேயிருந்தபடியே சொந்தக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் நாடியை இறக்குங்கோ" என்றார். அவர் முகவாயை இறக்கினார்.

பிறகு வெளியே வந்து, என்னைச் சொந்தக்காரர் நின்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "நீங்களும் பாருங்கோவன்" என்று அவரைக் கூப்பிட்டார். அவர் துணிக்குள் போனார். பிறகு பதறிய குரல் வந்தது.

"மாஸ்ரர், தலைகீழாய்த் தெரியுது! பழுதாக்கிப் போட்டியளோ?"

முப்பது பேரும் சிரித்தார்கள். நான் அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நாற்பத்திரண்டு கமராக்களின் சொந்தக்காரர்! அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாப் பெரிய கமராவிலையும் அப்பிடித்தான் தெரியும். பழகினால் தலைகீழ் எண்டே தோணாது" என்று ஆறுதலாக அவருக்கு விளங்கப்படுத்தினார். கமரா தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த ஆள் கொடுத்திருக்க மாட்டார்.

ஒரு கிழமை கழித்துச் சொந்தக்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சிரித்ததைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குக்கூட ரோசம் இல்லை. "உள்ளுக்கை கிடக்கிற அந்தப் பென்சில் கிறுக்கலை எடுத்து விடுங்கோ மாஸ்ரர். வாற சனங்கள் கேள்வி கேக்குதுகள்" என்றார். முடியாது என்றேன். வேறு கமராக்களையும் இனி அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் ஒரு தச்சரைப் பிடித்து அரத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கப்பல் கதை இப்போதும் நடக்கிறதாம்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியாமல், கண்காட்சியன்று வாங்கிவைத்த எண்ணில் அந்தப் பெண்ணுக்கு அழைத்தேன். கோடுகள் போனதைக் கேட்டுவிட்டு அவர் வேறொன்று கேட்டார்.

"துருத்தியின்ரை கீழ் மூலையாலை எப்பவும் வெளிச்சம் வரும். அதைப் பாத்தனீங்களோ?"

"புதுத் துருத்தி அக்கா. ஒரு இடத்தாலையும் வராது."

"அப்ப சரி" என்று சொல்லி, அடுப்பில் சோறு கிடக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.