ஜேசிபி கையில் போன ஆர்மோனியம்

காலை 5.40. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், செய்யார் வழியாக ஆரணி போகும் வண்டியில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. கட்டணம் 52 ரூபாய். முதுகுப் பையில் கேமரா, இரண்டு லென்ஸ், முக்காலி, பொட்டலமாக நான்கு இட்லி. முந்தின இரவே வந்து அத்தை வீட்டில் தங்கியும் தூக்கம் பிடிக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மூன்று முறை எழுந்து பேட்டரியைச் சரிபார்த்தேன்.

என் பித்து இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை. விடுமுறை நாள்களில் இடிந்த கட்டடங்களுக்குள் புகுந்து, யாரோ விட்டுப்போன இசைக்கருவிகளைப் படம் எடுப்பேன். மூடிய பள்ளிக்கூடத்தில் கிழிந்த டிரம், பாழடைந்த பங்களாவில் தந்தியறுந்த வீணை, திரையரங்க மேடைக்கு அடியில் நசுங்கிய டிரம்பெட் என்று இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. சென்னையில் ஒரு சின்னக் கூடத்தில் கண்காட்சி வைக்கப் பன்னிரண்டு கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கருவியைத் தொடமாட்டேன், யாரையும் தொடவும் விடமாட்டேன். தூசி படிந்தது படிந்தபடியே படத்தில் வரவேண்டும்.

பன்னிரண்டாவதைத் தேடித்தான் இந்தப் பயணம். ஆரணிக் கிளைக்கு மாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். முள்ளிப்பட்டில் ஒரு பழைய ஜெபக்கூடம், ஓடு சரிந்த கூரை, அதன் கீழே காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று. பதினொன்றே காலுக்கு வெயில் ஓட்டை வழியாக நேராகக் கட்டைகள் மேல் விழுகிறது என்றும், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். நான் வண்டியேறியது அந்தச் சனிக்கிழமை காலையில்.

6.55. செய்யாரில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. சாலையோரம் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து, அடையாள அட்டை மாட்டிய பெண்களை ஏற்றிக்கொண்டு சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், இன்று வெயில் நன்றாக அடிக்குமா என்று கேட்டேன். வெயில் வேண்டும் என்று கேட்ட ஆளை அவர் அன்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

8.15. ஆரணி. டீ 12 ரூபாய். முள்ளிப்பட்டுக்கு 120 ரூபாய் என்றார் ஆட்டோ ஓட்டும் அக்பர் பாய். நான் பேரம் பேசவில்லை. இடிக்கிற கட்டடத்தில் எனக்கு என்ன வேலை என்று விசாரித்தார். ஆர்மோனியம் என்றேன். வாசிப்பீங்களா என்றார். வாசிக்கத் தெரியாது, படம் எடுக்கப் போகிறேன் என்றேன். ஒரு கிலோமீட்டர் தூரம் அதை யோசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, திரும்பவும் கூட்டிப்போகிறேன், அங்கேயே நிற்கிறேன் என்று அவராகவே சொன்னார். என்னதான் செய்கிறேன் என்று பார்க்கும் ஆசை.

8.40. ஜெபக்கூடத்துக்குக் கதவு இல்லை. சுவர் முழுக்க ஈரத் திட்டுகள், தரையில் உடைந்த ஓடுகள். மூலையில், சுவருக்கு முதுகைக் காட்டியபடி ஆர்மோனியம் நின்றது. நான்கு கால், மேசை உயரம், முன்னால் மெழுகுவர்த்தி வைக்க இரண்டு பித்தளைத் தட்டு, கீழே தேய்ந்த இரண்டு மிதிகள். வெள்ளைக் கட்டைகள் மேல் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. ஒரு விரல்தடம்கூட இல்லை. சுற்றியிருந்த வீடுகளில் எல்லாம் தறி ஓடும் சத்தம். முக்காலியை நிறுத்தி, இருட்டில் ஒன்பது சோதனைப் படங்கள் எடுத்துவிட்டு வெயிலுக்காக உட்கார்ந்தேன். இட்லியைக்கூட வெளியே போய்த்தான் சாப்பிட்டேன். சிந்திவிட்டால்?

10.10. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இரண்டு ஆள்களோடு உள்ளே வந்தார். கையில் கயிறும் ஒரு பழைய போர்வையும். பெயர் கிருபாகரன், அந்த ஊர்ப் பட்டு நெசவாளர். இந்தக் கூடத்தில் பதினெட்டு வயதிலிருந்து ஆர்மோனியம் வாசித்தவர் அவர்தான். சாலையோரம் புதுத் தேவாலயம் கட்டி, அங்கே கீபோர்டு வந்ததும் இது இங்கேயே நின்றுபோயிற்று. எனக்குக் கொடுங்கள் என்று சபைக் கமிட்டியிடம் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறார். நேற்று சாயங்காலம்தான் சரி என்றார்களாம், அதுவும் இடிப்பதற்கு முன்னால் தூக்கிவிட்டால் மட்டும்.

நான் எழுந்து அவருக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவில் நின்றுகொண்டேன். ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். வெயில், தூசி, கண்காட்சி, காஞ்சிபுரத்திலிருந்து வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இடிப்பது இரண்டு மணிக்குத்தானே என்றும் கேட்டேன். கிருபாகரன் தன்கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் இருவருக்கும் வீட்டில் பாவு பிணைக்கும் வேலை காத்திருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடித் தீர்ந்த பாவின் நூல்களோடு புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை அது, ஆயிரக்கணக்கான இழை. உட்கார்ந்துவிட்டால் பாதியில் எழ முடியாது.

"அவுங்க போவட்டும். நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க சிஸ்டர், எடுத்துக்குங்க" என்றார் கிருபாகரன். அவர்கள் போனார்கள். அவர் போர்வையை மடித்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் ஒரே பிரியம். அவருக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

11.00. வெயில் தரையில் ஊர்ந்து ஆர்மோனியத்தின் ஒரு காலைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு முழம். மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸில் கண் வைத்திருந்தேன். அப்போதுதான் தெருவில் அந்த உறுமல் கேட்டது.

மஞ்சள் ஜேசிபி. மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றது. செய்யாரில் பிற்பகலுக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்ததால் இதை முதலில் முடித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். ஓட்டுநர் முருகன் இறங்கி, கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பத்து நிமிசம் டைம் தர்றேங்க. அதுக்கு மேல எனக்குப் பேஜார்" என்றார்.

கிருபாகரன் எழுந்துவிட்டார். தூக்க ஆளில்லை, இருந்த இரண்டு பேரை நான்தான் அனுப்பிவைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்தப் பத்து நிமிடத்தைப் படத்துக்குத் தரச்சொல்லிக் கேட்கத்தான் என் வாய் முதலில் திறந்தது. வெயில் கட்டைகளை நெருங்கிக்கொண்டிருந்தது. கிருபாகரன் தனியாகவே ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

கேமராவை முக்காலியோடு வெளியே ஆட்டோவில் வைத்துவிட்டு ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் நான் தொட்ட முதல் கருவி. தூசியெல்லாம் என் கையிலும் சட்டையிலும் அப்பியது. அக்பர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று மறுமுனைக்கு வந்தார். மூன்று பேரால் வாசல்வரைதான் முடிந்தது. வாசற்படியில் அவசரத்தில் நான் பிடி நழுவவிட, இடது மிதி தரையில் மோதி இரண்டாகப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்குக் கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டோவில் அது நுழையாது. வீடு மூன்று தெரு தள்ளி. நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது முருகன் வண்டியில் ஏறி, முன்பக்கத்துப் பெரிய பக்கெட்டைத் தரையோடு தரையாக இறக்கினார்.

"போர்வைய விரிச்சு இதுல வைங்க. ஆடாம கொண்டாந்து உட்டுடறேன்" என்றார்.

இடிக்க வந்த வண்டியின் கையில் ஏறி ஆர்மோனியம் ஊர்வலம் போனது! இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கிருபாகரன், சாயாமல் பிடித்துக்கொண்டே நடந்தோம். முன்னால் அக்பர் பாய் ஆட்டோவில் ஹாரன் அடித்து வழி விலக்கினார். வீடுகளில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஜன்னல் எல்லாம் முகங்கள். என் வாழ்க்கையில் இனி அப்படி ஒரு படம் கிடைக்காது. என் இரண்டு கையும் ஆர்மோனியத்தில் இருந்தன. கேமரா ஆட்டோவின் பின்சீட்டில் போய்க்கொண்டிருந்தது.

11.50. முருகன் அவசரமாகத் திரும்பிப் போய்விட்டார். வீட்டின் முன்னறையில் தறி, அதை ஒட்டிச் சுவரோரம் ஆர்மோனியம். கிருபாகரனின் மனைவி ஜீவா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். மனுஷர் காலை நீட்ட இடமில்லாத வீட்டில் இதற்கு மட்டும் இடம் கிடைத்துவிட்டதா என்று கேட்டபடியே, தறியோரம் இருந்த நூல் கூடைகளை எடுத்து வழி செய்தார். நான் உடைந்த மிதியைக் கையில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நின்றேன். கிருபாகரன் அதை வாங்கி அளந்து பார்த்தார். பரண்மேலிருந்து ஒரு பலகையை இறக்கினார். தறிக்குழிக்குள் காலால் மிதிக்கிற மிதிப்பலகை; மாற்றுக்கு வைத்திருந்தது. அதைச் செதுக்கி, தறிக் கயிற்றாலேயே துருத்தியோடு இழுத்துக் கட்டினார். முக்கால் மணி நேர வேலை. ஜீவா எங்களுக்குச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டார்.

1.20. அவர் உட்கார்ந்து மிதித்தார். முதலில் வெறும் காற்று. பிறகு எலிப்புழுக்கைகள் கொட்டின. அதன்பின், கரகரத்து, ஒரு சுரம். நான்கு கட்டைகள் ஊமை. மீதி எல்லாம் பேசின. அவர் ஒரு கீர்த்தனையை எடுத்ததும் பக்கத்து வீட்டிலிருந்து பெண்குரல் ஒன்று பாட்டைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஆண்குரல், அடுத்த வீடு, யாரும் வேலையை விட்டு எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினார்கள். முதல் வரி முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். முடிந்துவிட்டது என்று நான் படபடவென்று கை தட்டிவிட்டேன். ஜீவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிருபாகரன் இரண்டு மிதி மிதித்தார். பாட்டு மறுபடி தொடங்கியது.

"துருத்தியில ஓட்ட, சிஸ்டர். லைனுக்கு லைன் ரெண்டு மிதி மிதிச்சாத்தான் காத்து புடிக்கும். அதுவரைக்கும் சனங்க நின்னுகினு இருப்பாங்க. இப்ப கீபோர்டுக்கும் அப்பிடியே நிக்கறாங்க, வாசிக்கற தம்பி திட்டிகினே இருக்குது" என்றார் ஜீவா.

இன்று அந்த இடைவெளியில் காற்று வந்தது. அடுத்தடுத்த வீடுகளில் முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த இரண்டு மிதிக்காகப் பொறுத்திருந்து, சரியாகச் சேர்ந்து எடுத்தார்கள். நான் அழுதுவிட்டேன். அக்பர் பாய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலை 4.05. ஆரணியிலிருந்து திரும்பும் பேருந்து. கேமராவில் இருட்டுப் படங்கள் ஒன்பதும், மிதிப்பலகை மேல் கிருபாகரனின் கால் இருக்கும் படம் ஒன்றும் இருந்தன. கடைசிப் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்க முடியாது. அது கைவிடப்பட்ட கருவி இல்லை. பன்னிரண்டு தேறவில்லை என்று செய்தி அனுப்பினேன். வருத்தமே இல்லை, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன், வரிக்கு வரி நிறுத்தி.

செய்யார் தாண்டும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஜேசிபி மட்டும் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்திருந்தால், பதினொன்றே காலுக்கு எனக்கு அருமையான ஒரு படம் கிடைத்திருக்கும். அதன் கீழே 'முள்ளிப்பட்டு, கைவிடப்பட்டது' என்று எழுதி மாட்டியிருப்பேன். தாம்பரத்தில் என் சுவரில் பதினொரு படங்களுக்கும் கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வீணையை, அந்த டிரம்பெட்டை மூன்று தெரு தள்ளி யாராவது 'எனக்குக் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்களா? எனக்குத் தெரியாது. பதினொரு இடத்திலும் நான் அக்கம்பக்கத்தில் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே வெயில் எத்தனை மணிக்கு விழும்?