வரையாமல் விட்ட மேடு

அறுபதுகளில் நடந்தது இது. ஸ்ரீரங்கம் அருகே தண்டவாளத்தில் வெடி வைத்ததாக, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் கைதாகியிருந்தார். அவருடைய வக்கீல், வரைபடப் பயிற்சி முடித்திருந்த என்னிடம் சம்பவ இடத்தை அளந்து வரையச் சொன்னார். அந்தத் தண்டவாளத்தில் போகும் ரயிலில்தான் என் அப்பா தினமும் வேலைக்குப் போவார். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன்.

அளக்க வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டேன்: ரயில்வே கேட்டிலிருந்து தூரம், தண்டவாளத்தின் வளைவு, இடையிலுள்ள மரங்கள். கைதானவர் வெடி வைத்ததைக் கேட்டில் நின்று பார்த்ததாக ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். நானும் அங்கே நின்று பார்த்தேன். நடுவே புல் மூடிய பழைய மண்மேடு; வெடி வைத்த இடமே தெரியவில்லை. மேட்டை அளந்தேன். ஆனால் படத்தில் வரையவில்லை. இப்படிப்பட்டவன் தப்பிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

விசாரணையன்று கோர்ட் வாசலில் கைதானவருடைய மனைவி என் கையிலிருந்த படத்தையே பார்த்தார்.

"எனக்கு இதெல்லாம் புரியாதுங்க. அங்க இருக்கறதெல்லாம் இதுல இருக்குல்ல?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மேட்டை வரைந்து வக்கீலிடம் நீட்டினேன்.

"மறந்துட்டியாம்மா?" என்றார்.

"இல்ல சார். வேணும்னுதான் விட்டேன்."

வக்கீல் படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மேட்டைக் காட்டி அவர் கேட்டதும், கேட்டிலிருந்து அந்த இடம் தெரியாது என்று சாட்சி ஒப்புக்கொண்டார். வழக்கு நிற்கவில்லை; கைதானவர் விடுதலையானார்.

அந்த மனிதர் வெடி வைத்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அது தெரியாமலேயே அவரைச் சிறைக்கு அனுப்பத் துணிந்தவள் நான்.