டிராகனுக்கு நான்கு நகம்

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மூன்றாம் மாதம், அடையாறு பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய ஹோட்டலில் நானும் என் கணவரும் ஒரு நாள் தங்கினோம். எங்கள் வசதிக்கு எட்டாத இடம் அது. டெல்லியிலிருந்து வரவேண்டிய அதிகாரி ஒருவர் வரவில்லை. அவருக்காக எடுத்த அறையை, "புது மாப்பிள்ளை, நீ போய் இருந்துட்டு வாய்யா" என்று என் கணவருடைய மேனேஜர் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அந்த அறை வேறொரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. சரித்திரத்தில் பி.ஏ. முடித்திருந்தேன், எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். அதில் கணவர் கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் நான் இன்னும் வாயே திறக்கவில்லை. மயிலாப்பூர் வீட்டில் இரண்டே அறை, எட்டுப் பேர். எங்களுக்கு விட்டுக்கொடுத்த அறையில்தான் பீரோ இருந்தது. யாராவது எதையாவது எடுக்க வந்துகொண்டே இருப்பார்கள். கிசுகிசுத்தால்கூடச் சுவருக்கு அந்தப்புறம் யாரோ இருமுவார்கள். படிவத்தைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியை மூடினேன்.

ஹோட்டலைச் சீன மாளிகை மாதிரி கட்டியிருந்தார்கள். நுழைவாசல் முழு நிலா போல வட்டமாக இருந்தது. தூண்களில் குங்குமச் சிவப்பில் மினுங்கும் பூச்சு. எங்கள் அறைக்கதவைத் திறந்ததும் எதிரே ஆளுயர மரத்தடுப்பு, அதில் ஒரு டிராகன் நெளிந்து கிடந்தது. மூலையில் நீலப்பூப் போட்ட பெரிய பீங்கான் ஜாடி. நான் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தடுப்பின் முன் நின்று டிராகனின் நகங்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்ததுலேர்ந்து பாக்கறேன், நீ அந்தப் பல்லியை விட்டு நகரமாட்டேங்கறே" என்று சிரித்தார் கணவர்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்று திரும்பினேன். அப்போது கதவு தட்டப்பட்டது.

மாமியார். பின்னால் வீடு முழுவதும். தி.நகரிலிருந்து நாத்தனாரும் அவள் கணவரும் குழந்தைகளோடு சேர்ந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் பதினொரு பேர், கையில் இரண்டு பெரிய அடுக்குக் கேரியர்கள்.

"ஹோட்டல் சாப்பாடெல்லாம் வேண்டாம், சேவை பண்ணிண்டு வந்துட்டேன்" என்றபடி மாமியார் கம்பளத்தில் உட்கார்ந்தார். கட்டில் மேல் யாரும் உட்காரவில்லை. ஜாடிக்குள் எட்டிப் பார்த்து, "இதுல ஆவக்காய் போட்டா ஒரு வருஷத்துக்கு வரும்" என்றார்.

நாத்தனார் கணவரை நாங்கள் அத்திம்பேர் என்போம். அவர் குளியலறைக்குள் போய் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்துவிட்டு வந்தார். நானோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு ஒருவழியாகக் கிளம்பினார்கள். கதவைத் திறந்தால், வெளியே வரிசையாக விட்டிருந்த பதினொரு ஜோடிச் செருப்பில் ஒன்றுகூட இல்லை.

அறைப் பணியாளர் வந்து தலையைச் சொறிந்தார். "பாலிஷுக்குப் போய்க்கீது சார். ரூமுக்கு வெளிய செருப்பு வெச்சா எடுத்துக்கினு போணும்னு ரூல்ஸு."

"ரப்பர் செருப்புக்குமா பாலிஷ்?" என்றார் அத்திம்பேர்.

"அத்தெல்லாம் யாரு சார் பாக்கறாங்கோ? அள்ளிக்கினு பூட்டானுங்க. கீழ கூட்டமா கீது, ஒரு மணி நேரம் ஆவும்."

"கோயில்ல தொலைஞ்சா பீடை விட்டதும்பா. இங்க என்ன விடறதுன்னு பாப்போம்" என்று அத்திம்பேர் மறுபடி கம்பளத்தில் சாய்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

சும்மா இருக்க முடியாமல் மாமியார் தடுப்பைப் பார்த்தார். "இது என்ன, நம்ம யாளி மாதிரி இருக்கு?"

அவ்வளவுதான். மனத்தாங்கல் எங்கேயோ போயிற்று. என் வாய் ஓடத் தொடங்கியது. அது டிராகன் என்றேன். ஐந்து நகம் என்றால் சக்கரவர்த்திக்கு, இதற்கு நாலுதான், எண்ணிப் பாருங்கள் என்றேன். கெட்ட ஆவிகள் நேர்க்கோட்டில் மட்டும்தான் போகும் என்று அவர்கள் நம்பினார்கள், அதனால்தான் வாசலுக்கு எதிரே தடுப்பு என்றேன். இந்த மாதிரிப் பீங்கான் கப்பலில் வந்து நம் கடற்கரையில் இறங்கியது, மண்ணைத் தோண்டினால் இன்றும் அதன் உடைந்த சில்லு கிடைக்கிறது என்றேன். குழந்தைகள் நகத்தை எண்ணின. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடுப்பின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதெல்லாம் உனக்கு எப்படிடீ தெரியும்?" என்றார் மாமியார்.

"படிச்சேன்ம்மா. இன்னும் படிக்கணும். எம்.ஏ.வுக்கு இடம் கிடைச்சிருக்கு. நாளைக்குத்தான் கடைசி நாள்."

சொல்லிவிட்டேன்.

"படியேன். கார்த்தால சமையலை முடிச்சுட்டுப் போ. யாரு வேண்டாங்கறா?" என்ற மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, உனக்குத் தெரியுமோன்னோ இது?"

"தெரியாது" என்றார் என் கணவர். அந்தச் சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சட்டென்று உறைத்தது. அவரிடம் கேட்க வேண்டியதை ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டேன்.

செருப்புகள் பளபளவென்று வந்தன. எல்லாரும் போனார்கள். கதவைச் சாத்திய பிறகு அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"என்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணலையா?"

"எங்க வெச்சு சொல்றது? பீரோ முன்னாடியா?"

"மூணு மாசம் இருந்ததே."

"மூணு மாசத்துல ஒரு மணி நேரம் நாம தனியா இருந்தோமா, சொல்லுங்கோ."

"நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சே. அதான்."

உண்மைதான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வர அரைமணி ஆயிற்று. அதற்குள் அவர் எனக்கு முன்யோசனை இல்லை என்றார். நான் அவருக்குக் கேட்கவே தெரியாது என்றேன். அவர் படிவத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்து, பேனா கேட்டு, கையெழுத்துப் போட்டார். போட்டபின்பும் விடவில்லை. "இனிமே எதுவானாலும் முதல்ல என்கிட்ட" என்றார். "அப்போ நீங்களும்தான். வந்ததும் என்னமோ சொல்லணும்னேளே, அதை மட்டும் ஏன் முழுங்கினேள்?" என்றேன்.

அது எங்கள் முதல் சண்டை. பாதியில்தான் கவனித்தேன், இரண்டு பேருமே குரலைத் தாழ்த்தவில்லை. சுவருக்கு அந்தப்புறம் யாரும் இருமவில்லை. எனக்கு அந்தச் சண்டையை முடிக்க மனசே வரவில்லை.