ஜானகிராமன் கட்டிய விளக்குகள்

மாமல்லபுரத்தில் பயணிகளை இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். செல்வி கைபேசியில் அழைத்தார். "அண்ணே, உங்க சிநேகிதர் எழுந்திரிக்கவே இல்லண்ணே." அவர் கணவர் ஜானகிராமனுக்கு இதயம் பலவீனம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும், "நல்லா எழுப்பிப் பாரும்மா" என்றேன்.

செங்கல்பட்டில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புறவழிச்சாலை ஓரத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கடை. முன்கோபி. கிழக்குக் கடற்கரைச் சாலை நன்றாகப் போடப்பட்டதும், எல்லோரும் வேனுக்கு முன்னால் கூடுதல் விளக்கு மாட்ட ஓடிவந்தார்கள். பேட்டரியை ஒட்டி ஒரு பியூஸ், சுவிட்சின் மேல் சுமை விழாதபடி ஒரு ரிலே, தகட்டுத் துளையில் ஒயர் உரசாமலிருக்க ரப்பர் வளையம். இவை இல்லாமல் அவர் வண்டியைத் தொடமாட்டார். "பல்பு போனா இருட்டு, அவ்ளோதான். ஒயர் பத்திக்கினா வண்டியே போச்சு" என்பார்.

செல்வியின் தம்பி குமரேசன் புது வேன் எடுத்தபோது, அன்றைக்கே விளக்கு எரிய வேண்டும் என்றான். கடையில் ரிலே இல்லை. "நாளைக்கு வா" என்றார் ஜானகிராமன். "சொந்தக்காரன்னா இளக்காரமா மாமா?" என்று கத்திவிட்டுப் போனவன், கேளம்பாக்கத்தில் யாரிடமோ ரிலே இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்துக் கட்டிக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது.

அவன் மகளுக்குத் திருப்போரூர் கோயிலில் காதுகுத்து. அக்காவை அழைத்தவன் மாமாவை அழைக்கவில்லை. ஆனாலும் ஜானகிராமன் என் வேனில் வந்தார். மண்டபத்துக்குள் வராமல், நிறுத்தியிருந்த குமரேசனின் வண்டியைத் திறந்து பார்த்தார். ஒயர் தகட்டில் உரசி, மேலுறை உருகிப்போயிருந்தது. எல்லோரும் பந்தியில் இருக்க, அவர் வெயிலில் குனிந்து அத்தனையையும் பிரித்து மறுபடி கட்டினார்.

குமரேசன் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான். "யாரக் கேட்டு வண்டில கை வெச்சீங்க?"

"உன்னக் கேட்டா வேணாம்னுவ. கொழந்தைங்க ஏறுற வண்டிடா இது."

உருகிய ஒயரை அவன் கையில் கொடுத்தார். அவன் அதைப் பார்த்தபடி நின்றான். ஜானகிராமன் சாப்பிடாமலே திரும்பினார்.

அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் செல்வி தம்பிக்காக ஒரு இலை கூடுதலாக வாங்கி வைப்பார். "வருவான், வருவான்" என்பார் ஜானகிராமன். அவன் வரவில்லை. இப்போது, சாவுக்குத்தான் வந்தான். கால்மாட்டில் உட்கார்ந்து, "ஒரு வாய் சாப்ட்டுப் போங்க மாமான்னு அன்னிக்குச் சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். செல்விதான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அடக்கம் முடிந்து, பொழுது சாயும் வேளையில் கடற்கரைச் சாலையில் திரும்பினேன். எதிரே ஒரு பேருந்து. முகப்பு விளக்கைத் தாழ்த்தினேன். கூடுதல் விளக்குகளும் கூடவே அணைந்தன. என் வேனில் அப்படித்தான் கட்டியிருந்தார். ஏன் என்று முன்பொருமுறை கேட்டிருக்கிறேன். "எதிர்ல வர்றவனும் வூட்டுக்குப் போவணும்ல?" என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இதுதான். பேருந்து கடந்துபோனது. விளக்கை மறுபடி உயர்த்தச் சற்று நேரமாயிற்று, கண் தெரியவில்லை.