மாநாட்டு மலரின் கடைசித் தாள்

காலை எட்டு பத்து. சிதம்பரத்தில் அந்தக் கல்லூரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, பாதி கட்டிய ஃப்ளெக்ஸ். 'இதழியலும் சமூகப் பொறுப்பும்: மாணவர்கள் நடத்தும் ஒருநாள் மாநாடு.' கீழே சிறப்பு விருந்தினர்கள் மூவரின் படங்கள்: ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கடலூர்ப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் நல அலுவலர், கடலூரில் நாளிதழ் நிருபராக இருக்கும் நான்.

நிகழ்ச்சி பத்து மணிக்கு. அரங்கில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் மாநாட்டு மலர் கட்டுக்கட்டாக, சணல் அவிழ்க்காமல் இருந்தது. மாநாட்டுச் செயலாளர் மூன்றாம் ஆண்டு மாணவி, கடலூரை ஒட்டிய மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்துப் பெண். ஒரு கட்டைப் பிரித்து எனக்கு ஒரு மலரும் டீயும் கொடுத்தாள்.

அச்சான எதையும் நான் பின்னாலிருந்துதான் புரட்டுவேன். நாளிதழ் டெஸ்கில் பிழை திருத்திய காலத்துப் பழக்கம். பிழைகள் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதற்குள் எல்லோரும் களைத்துப் போயிருப்பார்கள்.

கடைசிப் பக்கம் 'நன்றி'. முதல்வரில் தொடங்கி, மைக் செட் கொடுத்தவர், சாப்பாடு சமைப்பவர் வரை பெயர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பெயர் விட்டுப்போவது சின்ன விஷயம் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அந்தப் பட்டியலின் நடுவில் ஒருவர் பெயர் இருந்தது. பக்கத்தில் 'ஒப்பந்தத் தொழிலாளி, பேக்கிங் பிரிவு' என்றும், தொழிற்சாலையின் பெயரும். அந்த நல அலுவலரின் தொழிற்சாலை.

தாளைத் திருப்பினேன். மறுபக்கம் அந்த மாணவியின் கட்டுரை முடியும் இடம். 'பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்' சொன்னது அதில் இருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் கையுறையும் முகக்கவசமும் தருவார்கள், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கட்டுரையில் தொழிற்சாலையின் பெயர் இல்லை.

அவளைக் கூப்பிட்டேன்.

"நன்றியில இருக்கிற இந்தத் தொழிலாளி யாரும்மா?"

"எங்க மாமா சார். அம்மாவோட தம்பி."

"கட்டுரையில பேர் வேணாம்னு சொன்னவர்?"

"அவரேதான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கட்டுரையில நான் போடலியே சார்."

"இங்க?"

"உதவி பண்ணவங்க பேரெல்லாம் எழுதிக் குடுன்னாங்க. ரெண்டு தடவ லீவு போட்டுட்டு வந்து பேசனாரு சார். அவரு பேர எப்படி விடறது?"

அவளுடைய மாமா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு அந்த வேலையில் சேர்ந்தவர். மாதா மாதம் நீட்டிக்கும் ஒப்பந்தம். 'நாளையிலிருந்து வர வேணாம்' என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னால் போதும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. பத்து மணிக்கு மேடையில் மலரின் முதல் பிரதியை வாங்கப்போகிறவர் அந்த நல அலுவலர்.

மாணவர் தலைவன் வந்தான். அன்றைக்காகக் கட்டிய வேட்டி, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நடந்தான். கூட வந்தவன், "மார்க்கர்ல அடிச்சிட்லாம் மச்சான்" என்றான். அடித்துப் பார்த்தார்கள். வழவழப்பான தாள், விரலால் தேய்த்ததும் மை வந்துவிட்டது, பெயர் அப்படியே இருந்தது.

"தாளக் கிழிச்சிடுங்க" என்றாள் அவள்.

"பின்னாடி உன் கட்டுர இருக்கு. மாமா சொன்னது பூரா அதுலதான் இருக்கு" என்றான் தலைவன்.

"தெரியும்."

"நாலு மாசம் அலஞ்ச."

"கிழிடா."

"வாத்தியாருங்க பேரும் சேந்து போவுது. இன்டர்னல் மார்க்குக்கு நீதான் பொறுப்பு, சொல்லிட்டேன்" என்றபடி அவன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

மலர் ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து அழுத்தி இழுத்தால் தாள் தனியாக வந்தது. ஆறேழு பேர் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன். ஒன்பது ஐம்பதுக்கு முடிந்தது. கிழித்த தாள்களை ஒரு சாக்கில் கட்டி, அவள் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

முதல் பிரதியை வாங்கிய நல அலுவலர் போட்டோவுக்கு நின்றார். உட்கார்ந்ததும் புரட்டினார். "கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கே தம்பி?"

"பிரிண்டிங் மிஸ்டேக் சார்" என்றான் தலைவன்.

பதினொன்றே முக்காலுக்கு அவள் கட்டுரை வாசித்தாள். மலரில் இல்லாத பக்கத்தைக் கையெழுத்துப் படியிலிருந்து முழுதாக வாசித்தாள். கேள்வி நேரத்தில் நல அலுவலர் எழுந்தார். குரலில் கோபம் இல்லை.

"எங்க கம்பெனியா இருந்தா, எந்தப் பிரிவுன்னு மட்டும் சொல்லும்மா. பேர் கூட வேணாம். நாங்களே சரி பண்ணிடறோம்."

பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்பது பேர்தான் என்று காலையில் தாள் கிழிக்கும்போது அவள் சொல்லியிருந்தாள். அவர்களில் தேவனாம்பட்டினத்து ஆள் அவள் மாமா மட்டும்தான்.

"சொல்ல முடியாது சார். எல்லாப் பிரிவுக்கும் கையுறை குடுத்துட்டா, எந்தப் பிரிவுன்னு நீங்க கேக்கவே வேணாமே."

பின்வரிசையில் விசில் அடித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

நன்றியுரை ஒரு நிமிடத்தில் முடிந்தது. பொறுப்பேற்றிருந்த மாணவன் பட்டியல் இல்லாமல் வந்து, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினான். முன்வரிசையில் ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அலுவலகத்துக்கு அனுப்பிய செய்தி ஆறு வரி. மாநாடு நடந்தது, யார் தலைமை, யார் பேசினார்கள். அந்தக் கேள்வியும் பதிலும் அதில் இல்லை.

ஐந்து மணிக்குக் கடலூர் பஸ்ஸில் அவளும் ஏறினாள், சாக்கோடு. வழியில் மூன்று முறை மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"ஷிப்ட்ல இருப்பாரா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி ஷிப்ட்டு சார். கேட்லயே போன வாங்கி வெச்சிக்குவாங்க. உள்ள வுட்டாங்களான்னுதான் தெரில."

தொழிற்பேட்டை வந்ததும் ஜன்னல் பக்கம் இருந்த என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். தொழிற்சாலை மதில் ஓரம், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில், வரிசையாக இருசக்கர வண்டிகள்.

"அதோ, மட்கார்டு இல்லாத செவப்பு வண்டி. மாமாது. உள்ள வுட்டிருக்காங்க" என்றாள்.

மணி ஆறு ஐந்து. இரண்டு மணி ஷிப்ட் முடிவது பத்து மணிக்கு.