வட்டத்துக்கு அடியில் சிக்கிய காற்று

முதலில் போனது சாக்பீஸ். எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் பூச்சாடி வரைந்துகொண்டிருந்தேன். விரலைவிட்டு நழுவியது. எடுத்தேன், மறுபடி நழுவியது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வாயில் பாதிதான் அசைந்தது.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீ கேட்டது என் முதல் தப்பு. படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு வந்தது இரண்டாவது. பேச்சு குழறுவதைக் கேட்டு என் மனைவி கஸ்தூரிதான் கார் பிடித்து, செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனாள். இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வாய் கோணினாலோ கையில் பிடி விட்டாலோ டீ குடித்துப் பார்க்காதீர்கள். அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

இஸ்கிமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தம் அடைத்துக்கொள்வது) என்றார்கள். பேச்சு திரும்பியது. ஒரு மாதத்தில் நடந்துவிட்டேன். வலது கைதான் வரவில்லை. நானோ ஓவிய ஆசிரியன்.

வலியைப் பற்றி டாக்டர்கள் சொன்னார்கள், மனச்சோர்வைப் பற்றியும் சொன்னார்கள். பொறாமையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கண்டக்டர் விரலிடுக்கில் நோட்டுகளைச் செருகிக்கொண்டே டிக்கெட் கிழிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிந்தது. பரோட்டா கடைப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொள்வேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலையை உடைத்து உடைத்து வாயில் போட்டபோது, அந்த ஆளை இறக்கிவிட மாட்டார்களா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் மாதம், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்குக் கையைத் திரும்பப் பழக்குவது) தரும் டாக்டரம்மா கேட்டார்.

“பயிற்சிக்காகப் பருப்பு பொறுக்குறது உங்களுக்கு எரிச்சலா இருக்குதுன்னு தெரியுது சார். சின்னச் சின்ன சாமானை வெச்சு ஆசையா செய்யற வேலை ஏதாவது இருக்குதா?”

இருந்தது. கல்லூரி நாட்களில் பிளாஸ்டிக் மாடல் விமானம் கட்டுவேன். நிஜ விமானத்தின் எழுபத்திரண்டு அடி இதில் ஒரு அடி. துண்டுகளை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன். பிரிக்காத ஒரு பெட்டி மட்டும் பரணில் கிடந்தது, நம் விமானப்படையின் பழைய போர் விமானம். கஸ்தூரி அதை இறக்கித் துடைத்துக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்ததும் வந்த பிளாஸ்டிக் வாசனையில் எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

ஒரு சக்கரத்தை, துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்ட முக்கால் மணி நேரம் ஆனது. வெட்டியதும் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“இன்னாங்க இது, கொசு சைஸுல இருக்குது?” என்று சிரித்துக்கொண்டே தேடி எடுத்தாள். “நீங்க சொல்லுங்க, நான் புடிச்சிக்கிறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. கஸ்தூரி இருபது வருடமாக ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போடுகிறவள், ஊக்கு தைக்கிறவள். முதலில் பிடித்தாள், பிறகு ஒட்டினாள். கடைசியில் விமானி உட்காரும் இடத்தில், கடுகு அளவு கருவிகளுக்கு ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளைக் கோடு போட்டாள். நான் நன்றாக இருந்த காலத்திலும் அந்தக் கோடு எனக்கு வந்ததில்லை.

பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடல் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, வண்ணம் மனைவியுடையது என்று உண்மையைத்தான் எழுதினேன். “சார், நீங்க ரெஸ்ட் எடுங்க, இனிமே மேடமே கட்டட்டும்” என்று ஒருவர் விளையாட்டாகப் பதில் போட்டார். அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

மிச்சமிருந்தது இரண்டு றெக்கைகளிலும் விமானப்படைச் சின்னமான மூவர்ண வட்டம் ஒட்டுவது. தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய படலம் அது. பளபளப்பில்லாத பெயின்ட் சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் பளபளக்கும் வார்னிஷ் பூசிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளை பூத்துவிடும். இந்தத் தொழிலில் பாலபாடம் இது.

“அப்படியே ஒட்டலாமா, வேற ஏதாவது பூசணுமா?” என்று கேட்டாள்.

வார்னிஷ் பாட்டில் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

“அப்படியே ஒட்டு” என்றேன்.

காய்ந்ததும் இரண்டு வட்டங்களைச் சுற்றியும் வெள்ளை பூத்தது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அவள் முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். “நல்லா வந்த சாமானை நானே கெடுத்துட்டேன்” என்று தூரிகையைக் கழுவி வைத்தவள், பிறகு அதைத் தொடவே இல்லை.

அடுத்த முறை புதுச்சேரி போனபோது டாக்டரம்மா விமானம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். “நான்தான் மேடம் பாழாக்கிட்டேன். அவரு பாவம், ஒரு வார்த்தை திட்டல” என்றாள் கஸ்தூரி. என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

திண்டிவனத்தில் பஸ் மாறும்போது சொல்லிவிட்டேன். வார்னிஷ், இழுப்பறை, எல்லாம். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை தெரிந்து, ஊர் வந்து, வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் அவள் பேசினாள்.

“தெனம் உங்களுக்கு சட்டை பட்டன் போடறேன். ஒரு நாளாவது இது என் கைன்னு நெனச்சிருப்பேனா? உங்க கை வர்ற வரைக்கும் இது உங்க கைன்னுதான இருந்தேன். நீங்கதான் பிரிச்சிட்டீங்க.”

மறுநாள் காலையில் சட்டையை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஐந்து பட்டன் போட அரை மணி நேரம் ஆனது. மேல் பட்டன் தப்பான ஓட்டையில் போயிருந்தது. அவள் பார்த்தாள், திருத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளை பூத்ததைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஊசி முனையால் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டு, அதில் வினிகரைத் தொட்டு வைத்தால் காற்று வெளியேறிப் படலம் படிந்துகொள்ளும். இடது கையால் நான் அதைச் செய்திருக்கலாம். வலது கையில்தான் ஊசியைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு ஆறு குத்து, அதற்கு மேல் விரல் நடுங்கும். தடுமாறினால் படலம் கிழிந்துவிடும். நடுங்கும் விரலுக்காகக் காத்திருக்க அப்போதுதான் கற்றுக்கொண்டேன். இப்போது என் வேலை கடிகாரத்தோடு ஓடுவதில்லை, இந்தக் கை எப்போது தயார் என்கிறதோ அப்போது நடக்கிறது.

ஒரு றெக்கை முடிய ஐந்து வாரம் ஆனது. வட்டம் பெயின்டால் வரைந்ததுபோல் படிந்துவிட்டது. கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குது” என்றாள்.

அடுத்த றெக்கைக்கு ஊசியை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அதைத் தொடாதீங்க. இது நீங்க சரி பண்ணது, அது நீங்க பண்ணது. ரெண்டும் இருக்கட்டும்.”

விமானம் இப்போது எங்கள் டி.வி. பக்கத்தில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் அந்த வெள்ளையைக் காட்டி, “கை வராத நேரத்துல செஞ்சதா சார்?” என்று இரக்கத்தோடு கேட்கிறார்கள். கஸ்தூரி காபியோடு வந்து, என்ன சொல்லப்போகிறேன் என்று நிற்பாள்.

இல்லை, கைக்கு அதில் பங்கில்லை என்கிறேன்.