பாட்டையர் ரூம்

நாப்தலின் உருண்டையும் பழைய கம்பளியும் கலந்த வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. உருதும் தெலுங்கும் புழங்கும் திருமுல்கேரியில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் கோவில் வளாகத்தின் பின்புறம், அந்த வட்டாரத்தின் வரலாற்றுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. நார்வேயிலிருந்து வந்து, இங்கேயே பாதிரியாராக இருந்து, தமிழில் கவிதைகள் எழுதி, இந்த மண்ணிலேயே அடங்கிப்போன ஒருவரின் நினைவாக வைத்தது அது. பாதிரியாரை ஐயர் என்று சொல்லும் குடும்பங்கள் என்பதால், பாட்டெழுதிய ஐயரின் அந்த அறை எங்களுக்கு "பாட்டையர் ரூம்". ஆபீஸ் முடிந்து வந்து அதைத் திறந்து, துடைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது அப்பாவின் வேலை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் அக்கா எஸ்தர் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். வீட்டில் யாரும் அழவில்லை. சோறு வடித்தோம், சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம். மறுவாரம் நார்வேயிலிருந்து பாதிரியாரின் பேத்தி வருவதாக இருந்தது. சுற்றிக்காட்ட வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்ட சபைச் செயலரிடம், "நக்கோ சார், வேணாம், நானே வர்றேன்" என்றார் அப்பா. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய கன்டோன்மென்ட் வரைபடம், பாதிரியாரின் ஆர்மோனியம், கம்பளிக் கோட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவர், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கவிதை முன்னால் நின்றார். காலராவில் போன தன் சிறுமகளைப் பற்றிப் பாதிரியார் எழுதியது அது. எல்லோருக்கும் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டுவது அப்பாவின் வழக்கம். அன்று என் தோளைப் பிடித்துச் சட்டத்தின் முன்னால் நிறுத்தினார்.

"நீ வாசிம்மா."

பள்ளிக்கூடப் பாடம்போல, ஓரிடத்திலும் நிற்காமல் வாசித்தேன். செயலர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அந்த நார்வே அம்மாள் தேம்பி அழுதார். நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பா கேட்டார், "எப்படிம்மா நிக்காம வாசிச்சே?"

"தெரியலப்பா."

வீட்டில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்தவங்க அழுதாங்களா?"

"ஹவ், அழுதாங்க" என்றார் அப்பா.

"யாரோ ஒருத்தராவது அழுதாங்களே" என்றாள். கத்தி ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. போவன்பள்ளியில் குடியிருக்கும் நான் போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கோவிலுக்குள் நுழைந்தேன். அறையை இடித்துவிட்டு பைக் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்த சாமான்கள் எங்கே போயின என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. கொட்டகை ஓரமாக வெறுமனே நின்றேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் இந்தியில் கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.